எந்த பேஜை எடுப்பது: ஃபை29-ஆ, லாம்டாவா, டி4-ஆ?

முன்பு எங்கள் ஆய்வகத்தில் வேலை பார்த்த ஒரு மாணவி சென்ற வருடம் போனில் கூப்பிட்டார். "வைரஸ் தலைக்குள்ள டிஎன்ஏ எப்படிப் போகுதுங்கறதைத்தான் பிஎச்டிக்கு எடுக்கப் போறேன். ஃபை29-ல பண்ணலாம்னு இருக்கேன், சரிதானே அண்ணா?" என்றார். ஏன் ஃபை29 என்று கேட்டேன். "அதைப் பத்திதான் நிறைய பேப்பர் வந்திருக்கு" என்று பதில் வந்தது.

இதே காரணத்தைச் சொல்லி ஃபை29-ஐ எடுத்தவன் நான். எடுத்துவிட்டு எட்டு மாதம் அல்லாடியவனும் நான்தான். அதனால் அன்றைக்குச் சட்டென்று பதில் சொல்லவில்லை. அப்புறம் யோசித்துச் சொன்னதைத்தான் இங்கே கொஞ்சம் விரித்து எழுதுகிறேன். பாக்டீரியாவைத் தாக்கும் வைரஸ்களுக்கு பேஜ் என்று பெயர். டிஎன்ஏ பொதிவதைப் படிக்க அவற்றில் மூன்றுதான் எப்போதும் போட்டிக்கு வரும்: ஃபை29, லாம்டா, டி4.

முதலில் இதில் என்ன சிக்கல் என்று பார்த்துவிடுவோம். வயர்கூடை பின்னும் பிளாஸ்டிக் வயரை நினைத்துக்கொள்ளுங்கள், சுமார் 2 மில்லிமீட்டர் தடிமன். டிஎன்ஏ இழையின் தடிமன் 2 நானோமீட்டர். எல்லாவற்றையும் பத்து லட்சம் மடங்கு பெரிதாக்கினால் டிஎன்ஏ அந்த வயர் அளவுக்கு வரும். அந்தக் கணக்கில் ஃபை29-இன் தலை ஒரு எலுமிச்சம்பழம். அதற்குள் போக வேண்டிய வயரின் நீளம் 6.6 மீட்டர். லாம்டாவின் தலை ஒரு சாத்துக்குடி, உள்ளே 16.5 மீட்டர். டி4 தலை உரித்த சின்னத் தேங்காய் மாதிரி, அதற்குள் 57 மீட்டருக்கு மேல்.

இழை மெல்லியது என்பதால் இஷ்டப்படி மடங்கும் என்று நினைத்துவிடக் கூடாது. டிஎன்ஏ விறைப்பானது. தானாக விட்டால் 50 நானோமீட்டர் வரைக்கும் ஏறக்குறைய நேராகவே நிற்கும். நம் கணக்கில் அது 5 சென்டிமீட்டர், அதாவது எலுமிச்சையின் நீளமே அவ்வளவுதான். போதாததற்கு வயர் முழுக்க எதிர் மின்னூட்டம். பக்கத்தில் வரும் சுற்றுகள் ஒன்றையொன்று தள்ளும். இதைக் கையால் திணிக்க முடியாது, இன்ஜின் வேண்டும்.

அந்த இன்ஜினின் அடிப்படை அமைப்பு மூன்றிலும் ஒன்றுதான். முதலில் வெறும் புரத ஓடு உருவாகிறது. அதன் ஒரு மூலையில் 12 புரதங்கள் சேர்ந்த வளையமாக ஒரு வாசல், போர்ட்டல் என்பார்கள். வாசலுக்கு வெளியே இன்னொரு வளையம் வந்து உட்கார்ந்து, செல்லின் எரிபொருளான ஏடிபியை எரித்து டிஎன்ஏவை உள்ளே இழுத்துத் தள்ளுகிறது. வேலை முடிந்ததும் அந்த வளையம் கழன்றுபோகும், வாலைப் பொருத்திக்கொள்ள வாசல் அங்கேயே நிற்கும். மூன்று பேஜும் வேறுபடுவது இரண்டு இடங்களில்: எதைப் பிடித்துத் தொடங்குவது, எங்கே நிறுத்துவது.

பூக்கடையை வைத்துச் சொன்னால் சட்டென்று புரியும். ஒரு பேஜின் முழு டிஎன்ஏ தொகுப்புக்கு ஜீனோம் என்று பெயர். டி4-க்குக் கிடைக்கும் டிஎன்ஏ, பல ஜீனோம்கள் வால் தலையாகச் சேர்ந்த நீளச் சரம். பை நிறையும்வரை பூவை அடைத்துவிட்டு, நிறைந்த இடத்தில் அறுப்பது அதன் வழக்கம். லாம்டாவும் சரத்திலிருந்துதான் எடுக்கிறது, ஆனால் சரத்தில் போட்டிருக்கும் முடிச்சைப் பார்த்துத்தான் அறுக்கும். ஃபை29-க்கு அறுக்கும் வேலையே இல்லை. தனித்தனியாகக் கட்டிவைத்த முழத்தை அப்படியே உள்ளே போடுகிறது.

ஃபை29: பேரும் புகழும், கூடவே பிடிவாதமும்

ஃபை29 பேசில்லஸ் சப்டிலிஸ் என்ற மண் பாக்டீரியாவைத் தாக்குவது. ஜீனோம் சிறியது, 19,285 கார இணைகள்தான் (டிஎன்ஏ ஏணியின் ஒரு படி ஒரு இணை). இது புகழ்பெற்றதற்குக் காரணம் 2001-இல் நேச்சர் இதழில் வந்த ஒரு சோதனை. கார்லோஸ் புஸ்தமாந்தே குழுவினர் பாதி டிஎன்ஏ உள்ளே போன நிலையில் ஒரு பேஜ் தலையைப் பிடித்து, தலையை ஒரு நுண்மணியிலும் வெளியே தொங்கும் டிஎன்ஏ நுனியை இன்னொரு மணியிலும் ஒட்டினார்கள். ஒரு மணியை நுண்குழாயின் நுனி உறிஞ்சிப் பிடித்துக்கொண்டது. மற்றொன்றை லேசர் ஒளியின் பிடியில் நிறுத்தினார்கள். இதற்கு ஒளி இடுக்கி என்று பெயர். இன்ஜின் டிஎன்ஏவை இழுக்க இழுக்க மணி நகரும், எவ்வளவு விசையோடு இழுக்கிறது என்று நேரடியாக அளக்கலாம்.

இன்ஜினை நிறுத்தச் சராசரியாக 57 பிக்கோநியூட்டன் விசை தேவைப்பட்டது. செல்லுக்குள் சரக்கு சுமக்கும் கைனசின் புரதம் 6, 7 பிக்கோநியூட்டனிலேயே நின்றுவிடும். இந்த விசையிலிருந்து கணக்குப் போட்டால் நிறைந்த தலைக்குள் அழுத்தம் சுமார் 60 வளிமண்டலம் வருகிறது. குக்கர் விசில் அடிக்கும்போது உள்ளே வெளியைவிட ஏறக்குறைய 1 வளிமண்டலம்தான் அதிகம். விசிலும் வால்வும் இல்லாமல் வெறும் புரத ஓடு இதைத் தாங்கிக்கொண்டு நிற்கிறது.

என்னை மயக்கியது அதற்கு அடுத்து வந்த கதை. ஓட்டின் மூலை ஐந்து மடங்கு சமச்சீர் கொண்டது, வாசல் வளையமோ 12 மடங்கு. இரண்டும் பொருந்தாது. பொருந்தாததால்தான் வாசல் எளிதாகச் சுழலும், நட்டு சுழன்று போல்ட்டை இழுப்பதுபோல டிஎன்ஏவை இழுக்கும் என்று ரோஜர் ஹென்ட்ரிக்ஸ் 1978-இல் சொன்னார். அழகான யோசனை, பாடப்புத்தகத்தில் படம் போடத் தோதானது. 2007-இல் வாசலில் ஒளிரும் சாயத்தை ஒட்டி ஒற்றை மூலக்கூறாகப் பார்த்தார்கள். இன்ஜின் ஓடியது, வாசல் சுழலவில்லை.

2009-இல் இன்னும் நுணுக்கமாக அளந்தபோது இன்ஜின் ஒரே சீராக இழுப்பதில்லை என்று தெரிந்தது. 10 கார இணைகளை வெடுக்கென்று இழுக்கிறது, கொஞ்சம் நிற்கிறது, மறுபடி 10. அந்தப் பத்தும் நான்கு அடிகள், அடிக்கு 2.5. அரை இணை எங்கிருந்து வந்தது என்று எல்லோரும் தலையைச் சொறிந்தார்கள். அதைவிட வேடிக்கை, வளையத்தில் இருப்பவை ஐந்து புரதங்கள், அடிகளோ நான்கு. ஐந்தாவது இழுப்பதில்லை, மற்ற நான்கையும் ஒழுங்குபடுத்துகிறது என்பது அப்புறம் தெரிந்தது. டிஎன்ஏவின் ஒரு முறுக்கு 10.4 இணைகள். ஒவ்வொரு முறையும் 10 மட்டுமே உள்ளே போனால் 0.4 பாக்கி நிற்கும். அந்தப் பாக்கியைச் சரிக்கட்ட டிஎன்ஏ ஒவ்வொரு இழுப்பிலும் சுமார் 14 டிகிரி திரும்புகிறது என்று 2014-இல் காட்டினார்கள். 0.4-ஐ 10.4-ஆல் வகுத்து 360-ஆல் பெருக்கிப் பாருங்கள், அதே 14 வரும்.

இதையெல்லாம் படித்துவிட்டு யாருக்குத்தான் ஆசை வராது? எனக்கும் வந்தது. பிறகுதான் சோதனை மேசையில் உட்கார்ந்தேன்.

ஃபை29-இன் டிஎன்ஏ வெறும் டிஎன்ஏ அல்ல. இரண்டு முனைகளிலும் ஜிபி3 என்ற புரதம் வேதிப்பிணைப்பில் ஒட்டியிருக்கும், இன்ஜின் அதை அடையாளம் கண்டுதான் சரியாகத் தொடங்கும். டிஎன்ஏ பிரிக்கும்போது புரதத்தை ஒழிக்க புரோட்டினேஸ் கே போடுவது எல்லா ஆய்வகத்திலும் ஊறிப்போன பழக்கம். நானும் போட்டேன். ஜிபி3 போய்விட்டது. மூன்று வாரம் ஒன்றுமே தலைக்குள் போகவில்லை. ஏடிபி கெட்டுவிட்டதா, மெக்னீசியம் குறைவா என்று எல்லாவற்றையும் மாற்றிப் பார்த்தேன். தப்பு முதல் நாளே நடந்துவிட்டது என்று கடைசியில்தான் உறைத்தது.

அடுத்த தலைவலி ஜிபி16. இதுதான் ஏடிபியை எரிக்கும் புரதம். ஈ. கோலை என்ற பாக்டீரியாவில் தயாரித்தால் கரையாமல் கட்டிகட்டியாக நிற்கும். துணைப் புரதங்களோடு சேர்த்து உற்பத்தி செய்வது மாதிரி வழிகள் உண்டு, ஆனால் கை பழகவே மாதக்கணக்காகும். பேசில்லஸ் வேறு ஸ்போர் போடும் ஜாதி. கொதிக்க வைத்தாலும் சாகாது, ஆட்டோகிளேவில்தான் அடங்கும். பக்கத்து மேசைக்காரர்கள் நம்மை ஒரு மாதிரி பார்ப்பார்கள்.

இதைவிட முக்கியமான குறை ஒன்று உண்டு. ஃபை29-இன் இன்ஜினில் ஒரு ஆர்என்ஏ வளையம் இருக்கிறது. பீசுவான் குவோவும் ட்வைட் ஆண்டர்சன் குழுவினரும் 1987-இல் கண்டுபிடித்தது. அது இல்லாவிட்டால் இன்ஜின் ஓடாது. அந்த வளையத்தில் இருப்பவை ஐந்தா ஆறா என்று பல வருடம் சண்டை ஓடியது. கண்டுபிடிப்பு அருமைதான், ஆனால் லாம்டாவிலும் டி4-இலும் மனிதரைத் தாக்கும் ஹெர்பிஸ் வைரஸிலும் இப்படி ஒரு ஆர்என்ஏ கிடையாது. முனைப் புரதம் வேறு, ஆர்என்ஏ வளையம் வேறு, அறுக்கும் வேலையும் இல்லை. இன்ஜின் எப்படி இழுக்கிறது என்ற கேள்விக்கு ஃபை29-ஐ மிஞ்ச ஆளில்லை. மற்ற வைரஸ்கள் எப்படித் தொடங்குகின்றன, எப்படி முடிக்கின்றன என்று கேட்டால் அது சொல்வது அதன் சொந்தக் கதை மட்டும்தான்.

லாம்டா: பழசு, ஆனால் கைக்கு அடக்கம்

எஸ்தர் லெடர்பெர்க் 1951-இல் கண்டுபிடித்த பேஜ். 48,502 கார இணைகள் என்று ஃபிரெடரிக் சேங்கர் குழுவினர் 1982-இலேயே முழுதாகப் படித்துவிட்டார்கள். டிஎன்ஏ துண்டுகளை நீளவாரியாகப் பிரிக்க ஜெல் ஓட்டிய யாரும் இதன் டிஎன்ஏவைத் தொட்டிருப்பார்கள், அளவுகோலாகப் போடும் ஹிண்ட்3 மார்க்கர் இதன் துண்டுகள்தான்.

லாம்டாவின் முடிச்சுக்கு காஸ் என்று பெயர். ஜிபிஎன்யு1 என்ற சின்னப் புரதம் அந்த வரிசையைப் பிடித்துக்கொள்ளும். ஜிபிஏ என்ற பெரிய புரதம் இரண்டு இழைகளையும் 12 எழுத்து தள்ளித்தள்ளி வெட்டும். இரண்டும் சேர்ந்ததுதான் டெர்மினேஸ். வெட்டிய கையோடு வாசலில் போய் உட்கார்ந்து இழுக்க ஆரம்பிக்கும், அடுத்த காஸ் வந்ததும் மறுபடி வெட்டி முடிக்கும். வெட்டுகிறவரும் இழுக்கிறவரும் ஒருவரே. அந்த 12 எழுத்து ஒட்டும் முனைகள்தான் அடுத்த பாக்டீரியாவுக்குள் போனதும் ஒன்றோடொன்று சேர்ந்து டிஎன்ஏவை வட்டமாக்குகின்றன.

காஸ் கிடைத்தால் மட்டும் போதாது, அளவும் சரியாக இருக்க வேண்டும். இயல்பான நீளத்தில் 78 முதல் 105 சதவீதத்துக்குள் வரும் டிஎன்ஏதான் உருப்படியான பேஜ் ஆகும். ஜீன் குளோனிங்கில் இந்த விதியை நன்றாகப் பயன்படுத்திக்கொண்டார்கள். 1978-இல் வந்த காஸ்மிட் என்பது பிளாஸ்மிடில், அதாவது பாக்டீரியாவின் சின்ன வட்ட டிஎன்ஏவில், காஸ் வரிசையைச் செருகியதுதான். சுமார் 40 ஆயிரம் இணை நீளமுள்ள துண்டைச் சோதனைக் குழாயிலேயே லாம்டா தலைக்குள் அடைத்து பாக்டீரியாவுக்குள் அனுப்பலாம்.

புதிதாகத் தொடங்குபவருக்கு இதில் ஒரு பெரிய சௌகரியம் இருக்கிறது. காலித் தலைகளும் டெர்மினேஸும் வால்களும் எல்லாம் கலந்த ஆயத்தச் சாறு விலைக்குக் கிடைக்கிறது. டிஎன்ஏவைப் போட்டு இரண்டு மணி நேரம் வைத்துவிட்டு, ஈ. கோலையோடு கலந்து தட்டில் ஊற்றிவிட்டு வீட்டுக்குப் போகலாம். மறுநாள் காலை பாக்டீரியாப் படலத்தில் ஊசியால் குத்தினாற்போல் தெளிந்த புள்ளிகள், பிளேக் என்பார்கள். ஒவ்வொரு பிளேக்கும் முழுதாகப் பொதிந்த ஒரு தலையிலிருந்து வந்தது. நல்ல சாறு ஒரு மைக்ரோகிராம் டிஎன்ஏவுக்கு 10 கோடிக்கு மேல் தரும். லேசரும் வேண்டாம், நுண்ணோக்கியும் வேண்டாம். மார்க்கர் பேனாவால் தட்டின் அடியில் புள்ளி வைத்து எண்ணினால் போதும். ஆனால் ஒன்று, பிளேக் வந்தால் வேலை முடிந்தது என்று அர்த்தம். வராவிட்டால் எந்தப் படியில் மாட்டிக்கொண்டது என்று அது சொல்லாது.

அழுத்தத்தை அளக்கவும் லாம்டாவில் மலிவான வழி உண்டு. லாம்டா ஒட்டிக்கொள்ளும் லாம்பி என்ற ஏற்பிப் புரதத்தைச் சேர்த்தால் வெறும் குழாயிலேயே பேஜ் ஏமாந்து டிஎன்ஏவைக் கக்கிவிடும். வெளியே பாலிஎத்திலீன் கிளைக்கால் கரைத்து அழுத்தத்தை ஏற்றிக்கொண்டே போனால் கக்குவது குறைந்து, சுமார் 20 வளிமண்டலத்தில் அடியோடு நிற்கும். அலெக்ஸ் எவிலெவிச், வில்லியம் கெல்பார்ட் குழுவினர் 2003-இல் செய்தது. ஒரு மருந்துப்பொடியை வைத்துக்கொண்டு வைரஸுக்குள் இருக்கும் அழுத்தத்தை அளந்த யோசனையை நினைத்தால் இன்றைக்கும் எனக்குச் சிரிப்பும் பொறாமையும் சேர்ந்து வரும்.

வேகத்திலும் லாம்டா சளைத்ததில்லை. ஒளி இடுக்கியில் பார்த்தபோது நொடிக்கு 600 இணைகள் வரை இழுத்தது, ஃபை29 தொடக்கத்திலேயே 100 தான். சுமார் 30 சதவீதம் நிறைந்ததும் ஓடு சட்டென்று விரிவதும் அந்தச் சோதனையில் தெரிந்தது. விரிந்த ஓட்டின்மேல் ஜிபிடி என்ற புரதம் வந்து ஆணி அடித்தாற்போல் பிடித்துக்கொள்ளும். அது இல்லாத தலை முழு ஜீனோமையும் தாங்காது.

டி4: வேகமான முரடன்

டி4-ஐ விரும்புகிறவர்கள் சொல்லும் முதல் வார்த்தை வேகம். சராசரி நொடிக்கு 700 இணைகள், சில தலைகளில் 2,000 வரை. 1.7 லட்சம் இணைகளை அரை மணி நேரத்துக்குள் முடியும் ஒரு தாக்குதலில் பொதிந்தாக வேண்டும், அதனால் அவசரம் நியாயமானதுதான்.

எனக்கு இதில் பிடித்தது வேகம் அல்ல, ஜிபி17. இழுப்பதும் வெட்டுவதும் ஒரே புரதத்தின் இரண்டு பாகங்கள். ஈ. கோலையில் தயாரித்துச் சுத்தம் செய்ய ஜிபி16 போல அழவைக்காது. அதன் வடிவத்தை வெனிகல்லா ராவும் மைக்கேல் ராஸ்மனும் 2008-இல் வெளியிட்டார்கள். இரண்டு பாகங்களிலும் எதிரெதிர் மின்னூட்டம் உள்ள திட்டுகள் இருக்கின்றன, அவை ஒன்றையொன்று ஈர்க்கும்போது டிஎன்ஏ உள்ளே தள்ளப்படுகிறது என்பது அவர்கள் சொன்ன விளக்கம்.

குழாயில் பார்த்தால் ஜிபி17 எதற்கும் அசராது. முனையில் புரதம் கேட்காது, காஸ் கேட்காது, நேரான டிஎன்ஏ நுனி ஒன்று கிடைத்தால் போதும். முழுதாக முடிந்த பேஜிலிருந்து டிஎன்ஏவை வெளியேற்றிவிட்டு அந்தப் பழைய தலையைக் கொடுத்தால் அதையும் மறுபடி நிரப்பும் என்று ராவின் குழு 2011-இல் காட்டியது. குட்டித் துண்டுகளைக் கொடுத்தால் ஒன்றன்பின் ஒன்றாக அடைத்துக்கொண்டே போகும்.

இந்தக் குணத்தால்தான் மருத்துவக்காரர்கள் பக்கமும் டி4 பேசப்படுகிறது. ஜீன் சிகிச்சையில் அதிகம் பயன்படும் ஏஏவி வைரஸ் 4,700 இணைகளுக்கு மேல் சுமக்காது. தசைச் சிதைவு நோயில் கெட்டுப்போகும் டிஸ்ட்ரோஃபின் ஜீனின் குறியீட்டுப் பகுதி மட்டுமே 11 ஆயிரம். டி4 தலையில் 1.7 லட்சத்துக்கு இடம் இருக்கிறது. கொழுப்புப் படலம் பூசிய டி4 தலையில் டிஸ்ட்ரோஃபினின் முழுக் குறியீட்டுப் பகுதியையும் வைத்து, வளர்ப்புத் தட்டிலுள்ள மனித செல்களுக்குள் அனுப்பியதை 2023-இல் வெளியிட்டார்கள்.

குறைகள் உண்டு. டி4-இன் சொந்த டிஎன்ஏவில் சைட்டோசின் மாற்றப்பட்டு, மேலே சர்க்கரை ஒட்டியிருக்கும். டிஎன்ஏவை வெட்டும் ரெஸ்ட்ரிக்ஷன் என்சைம்களில் பெரும்பாலானவை அதைக் கடிக்காது. அவ்வளவு நீள டிஎன்ஏவைச் சாதாரண பிப்பெட் நுனியில் வேகமாக உறிஞ்சினாலே அறுந்துபோகும், நுனியைக் கத்தரித்து வாயை அகலமாக்கிக்கொண்டு மெதுவாக இழுக்க வேண்டும். அப்புறம், ஈ. கோலை வளர்க்கும் ஆய்வகத்தில் டி4 வைத்திருப்பது வைக்கோல்போர் பக்கத்தில் அடுப்பு மூட்டுவது மாதிரி. ஒருமுறை எங்கள் ஷேக்கரில் இருந்த ஆறு ஃபிளாஸ்க்குகளும் காலையில் பார்த்தால் தண்ணீர் போலத் தெளிந்து நின்றன. அடுத்த ஒரு வாரம் பிளீச் வாசனைதான். நாலாவதாக சால்மொனெல்லாவைத் தாக்கும் பி22-ஐயும் சிலர் சொல்வார்கள். வடிவ ஆய்வுக்கு நல்லது, ஆனால் இதே போர்ட்டல் கதைக்காக நோய்க்கிருமியை வளர்க்க வேண்டுமா என்பது என் எண்ணம்.

சரி, எதை எடுப்பது?

அந்த மாணவியிடம் நான் திருப்பிக் கேட்டது, உன் கேள்வி என்ன என்பதுதான். கொஞ்சம் யோசித்து, "மருந்துப் பக்கம் போகணும்" என்றார். சைட்டோமெகலோ வைரஸ் ஹெர்பிஸ் குடும்பத்தைச் சேர்ந்தது, எலும்பு மஜ்ஜை மாற்றியவர்களுக்குப் பெரிய ஆபத்து. அதற்கு எதிரான லெட்டர்மோவிர் என்ற மருந்து 2017-இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. அது தாக்குவது வைரஸின் டெர்மினேஸைத்தான். மனித செல்லில் இப்படி ஒரு டெர்மினேஸ் இல்லாததால், நம் உடம்பில் அதற்கு இணையான இலக்கு கிடையாது. ஆனால் அந்த மருந்து அதே குடும்பத்தின் ஹெர்பிஸ் சிம்ப்ளெக்ஸைத் தடுப்பதில்லை, ஆகவே இன்னும் வேலை பாக்கி இருக்கிறது.

மருந்துதான் குறி என்றால் ஃபை29 பொருத்தமில்லை. ஹெர்பிஸும் நீளச் சரத்தைக் குறிப்பிட்ட வரிசையில் வெட்டுகிறது, அந்த வகையில் லாம்டாவுக்குப் பக்கம். அதன் டெர்மினேஸின் மடிப்பு டி4-இன் ஜிபி17-ஐ ஒத்தது. ஃபை29-இலிருந்து ஹெர்பிஸுக்கு நேர்வழி கிடையாது. ஒளி இடுக்கி வைத்திருக்கும் ஆய்வகத்தில் இடம் கிடைத்து, விசையும் அடியும்தான் உன் ஆர்வம் என்றால் கண்ணை மூடிக்கொண்டு ஃபை29 எடு, ஜிபி16 சுத்தம் செய்யத் தெரிந்த ஒரு ஆள் அங்கே இருக்கிறாரா என்று மட்டும் முதலில் விசாரித்துக்கொள் என்றேன். ஆறு மாத எம்எஸ்சி ப்ராஜெக்ட் என்றால் லாம்டாவைத் தவிர வேறெதையும் நான் சொல்ல மாட்டேன். நாலைந்து வருடம் இருக்கிறது, புரதம் சுத்தம் செய்யும் வசதி இருக்கிறது, ஜீன் சுமப்பதில் ஆசை இருக்கிறது என்றால் டி4.

அவருடைய ஆய்வகத்தில் லேசர் இல்லை. வழிகாட்டிப் பேராசிரியர் பொறுமைசாலியும் இல்லையாம். முதல் ஆறு மாதம் லாம்டாவில் காஸ் வெட்டுவதைப் பழகிவிட்டு, பிறகு டி4 ஜிபி17-க்குப் போவது என்று முடிவு செய்தார். பிப்பெட் நுனியைக் கத்தரிக்க ஒரு நல்ல பிளேடு வாங்கிக்கொள்ளச் சொன்னேன்.

பொங்கல் லீவு முடிந்து ஒரு ஜெல் படம் அனுப்பியிருந்தார். சோதனை பழைய முறைதான். ஒரு குழாயில் காலித் தலை, டெர்மினேஸ், டிஎன்ஏ, ஏடிபி எல்லாம் போட வேண்டும். இன்னொன்றில் ஏடிபி மட்டும் கிடையாது. அரை மணி கழித்து இரண்டிலும் டிஎன்ஏஸ் ஊற்றினால் வெளியே நிற்கும் டிஎன்ஏ எல்லாம் தூளாகும், தலைக்குள் போனது மட்டும் தப்பும். அப்புறம் புரோட்டினேஸ் கே போட்டு ஓட்டை உடைத்து ஜெல்லில் ஓட்டுவது. ஏடிபி இல்லாத பாதை கன்னங்கரேலென்று இருந்தது. பக்கத்துப் பாதையில், மார்க்கருக்கு நேராக, மங்கலாக ஒரே ஒரு கோடு. கீழே, "புரோட்டினேஸ் கே கடைசியிலதான் போட்டேன் அண்ணா" என்று எழுதியிருந்தார்.